வயதானவர்களுக்கு இரவில் ஏன் அடிக்கடி விழிப்பு வருகிறது? படுக்கும் முன் என்ன மாற்றலாம்?

தூக்கத்தின் தரம் என்பது எத்தனை மணி நேரம் படுத்திருந்தோம் என்பதல்ல. எவ்வளவு ஆழமாக, இடையில் முறியாமல் தூங்கினோம் என்பதே. வயது கூடக்கூட ஆழ்ந்த தூக்கம் குறைகிறது, உடலின் கடிகாரமும் முன்னே நகர்கிறது. அதனால்தான் 8 மணிக்கே கண் சொக்கும், 3 மணிக்கே விழிப்பு வரும். மும்பைக்காரர்களுக்குச் சொல்வதானால், இளவயதுத் தூக்கம் ஃபாஸ்ட் லோக்கல் ரயில். முதுமைத் தூக்கம் ஸ்லோ லோக்கல், எல்லா ஸ்டேஷனிலும் நிற்கும்.

பல தமிழ் வீடுகளில் முதல் குற்றவாளி மாலை ஃபில்டர் காபிதான். குடித்து சுமார் 5 மணி நேரம் கழித்தும் அதன் காஃபீனில் பாதி உடலில் இருக்கும். கடைசி டம்ளரை மதியத்துக்குள் முடித்துவிடுங்கள். பகல் தூக்கம் 3 மணிக்கு முன், அரை மணிக்குள். மாலை வெளிச்சத்தில் நடப்பது (மாட்டுங்காவாசிகளுக்கு ஃபைவ் கார்டன்ஸ் பூங்கா இருக்கிறது) கடிகாரத்தைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளும்.

படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே தண்ணீரைக் குறையுங்கள். பகலில் குறைக்க வேண்டாம். சிறுநீர் பெருக்கும் மாத்திரையைக் காலைக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். பாத்ரூம் போகும் வழியில் மங்கலான விளக்கு அவசியம், விழுந்தால் இடுப்பெலும்பு போய்விடும். 20 நிமிடம் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கிய வெளிச்சத்தில் உட்காருங்கள், டிவி வேண்டாம். எப்போது தூங்கினாலும் எழும் நேரம் மாறக்கூடாது.

‘வயசானா 4 மணி நேரம் போதும்’ என்பது தவறு: 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் 7 முதல் 8 மணி நேரம் தேவை.