'வில் ஹேவ்', 'வில் ஹேவ் பீன்' இரண்டும் குழப்புகின்றன. ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் டென்ஸை எங்கே, எப்படிப் பயன்படுத்துவது?

'ஆறு மணிக்குள் வேலையை முடித்திருப்பேன்' என்று தமிழில் சாதாரணமாகச் சொல்கிறோம். அப்படிச் சொல்லும்போது மனம் ஆறு மணியில் போய் நின்றுகொண்டு பின்னால் திரும்பிப் பார்க்கிறது. அங்கிருந்து பார்த்தால் வேலை முடிந்துபோன விஷயம். ஃபியூச்சர் பெர்ஃபெக்ட் செய்வதும் அதைத்தான்: 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் த வொர்க் பை சிக்ஸ்.' 'ஐ வில் ஃபினிஷ் அட் சிக்ஸ்' என்றால் முடிகிற நேரமே ஆறு மணி. 'வில் ஹேவ் ஃபினிஷ்ட்' என்றால் நாலரைக்கே முடிந்திருக்கலாம், ஐந்தே முக்காலுக்கும் முடிந்திருக்கலாம். ஆறைத் தாண்டாது, அவ்வளவுதான்.

வடிவம் எளிது. வில், ஹேவ், அதன்பின் வினைச்சொல்லின் மூன்றாம் வடிவம். எழுவாய் எதுவானாலும் ஹேவ் மாறாது. 'ஷீ வில் ஹேஸ்' என்று ஒன்று கிடையவே கிடையாது, ஏனென்றால் வில் வந்த பிறகு வரும் வினை எப்போதும் மூல வடிவில்தான் நிற்கும். 'வில் ஹேவ் வென்ட்' என்பதும் தவறு, 'வில் ஹேவ் கான்' என்பதே சரி. எதிர்மறைக்கு 'ஐ வோன்ட் ஹேவ் ஃபினிஷ்ட்', கேள்விக்கு 'வில் யூ ஹேவ் ஃபினிஷ்ட்?' நடுவில் ஒரு 'டு' நுழைந்தால் மட்டும் பொருளே புரண்டுவிடும்: 'ஐ வில் ஹேவ் டு ஃபினிஷ் இட்' என்றால் முடித்தே ஆகவேண்டிய கட்டாயம். 'ஐ வில் ஹேவ் இட் ஃபினிஷ்ட்' என்று சொற்களை இடம் மாற்றினால், வேறொருவரைக் கொண்டு முடிக்க வைப்பேன் என்றும் பொருள்படலாம்.

அதிகம் சறுக்குவது 'பை' என்ற சின்னச் சொல்லில். நம்முடைய 'க்குள்' ஆங்கிலத்தில் இரண்டாகப் பிரிகிறது. கடிகாரத்திலோ நாள்காட்டியிலோ விரல் வைத்துக் காட்டக்கூடிய புள்ளி என்றால் 'பை': பை ஃபைவ் ஓ'கிளாக், பை ஃப்ரைடே. கால அளவு என்றால் 'விதின்': விதின் டூ அவர்ஸ். 'பை டூ அவர்ஸ்' என்று எழுதுவது இந்தக் கலப்பால் வருவது. 'வரை' வந்தால் அது 'அன்டில்', செயல் அதுவரை தொடர்கிறது என்று பொருள். 'ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட் அன்டில் ஃபைவ்' அதனால்தான் ஒட்டாது.

'பை த டைம்' வந்தால் அதை ஒட்டிய பகுதியில் வில் போடக் கூடாது. 'பை த டைம் யூ வில் அரைவ்' தவறு. 'பை த டைம் யூ அரைவ், ஐ வில் ஹேவ் லெஃப்ட்' சரி. நேரம் காட்டும் வென், ஆஃப்டர், பிஃபோர் பகுதிகளுக்கும் இதே விதி. 'இதை முடித்ததும் கூப்பிடுகிறேன்' என்பது 'வென் ஐ ஹேவ் ஃபினிஷ்ட் திஸ், ஐ வில் கால் யூ'. அங்கே 'வென் ஐ வில் ஹேவ் ஃபினிஷ்ட்' என்று நீட்டவே வேண்டாம்.

தமிழ் பேசுபவர்களுக்கென்றே ஒரு பொறி உண்டு. பாடநூல்கள் ஆங்கிலத்துக்குள்ளேயே நின்று விளக்குவதால் இது கண்ணில் படுவதில்லை. 'இருப்பேன், இருப்பார்' என்று முடியும் நம் வடிவம் மூன்று வேலை செய்கிறது.

'நாளை மாலைக்குள் போய்ச் சேர்ந்திருப்பார்.' இது எதிர்காலம்: 'ஹி வில் ஹேவ் ரீச்ட் பை டுமாரோ ஈவ்னிங்'.

'இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பார்.' இது ஊகம். நடந்திருக்கவேண்டிய ஒன்றைப் பற்றி நம்பிக்கையோடு சொல்கிறோம். ஆங்கிலத்திலும் அதே வடிவம் பொருந்தும்: 'ஹி வில் ஹேவ் ரீச்ட் பை நவ்'. பெயரில் ஃபியூச்சர் இருந்தாலும் இங்கே எதிர்காலம் துளியும் இல்லை. சேர்ந்தாரா என்பதில் சந்தேகம் இருந்தால், அதாவது 'சேர்ந்திருக்கலாம்' என்று சொல்ல வந்தால், 'மே ஹேவ் ரீச்ட்'.

'நீ சொல்லியிருந்தால் வந்திருப்பேன்.' நீ சொல்லவில்லை, நானும் வரவில்லை. இங்கே வில் வராது. 'இஃப் யூ ஹேட் டோல்ட் மீ, ஐ வுட் ஹேவ் கம்'. தமிழில் அதே 'இருப்பேன்' ஒலிப்பதால்தான் பலர் 'ஐ வில் ஹேவ் கம்' என்று எழுதிவிடுகிறார்கள். வாக்கியத்தில் 'இருந்தால்' ஒளிந்திருந்து, காரியம் நடக்காமல் போயிருந்தால், கண்ணை மூடிக்கொண்டு வுட் போடலாம்.

இனி 'வில் ஹேவ் பீன்'. அதன்பின் ஐஎன்ஜி வந்தால் அது தொடர்வினை. குறிப்பிட்ட புள்ளியில் நின்று, செயல் எவ்வளவு காலமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்று அளக்கிறது. 2020 ஜூனில் வேலைக்குச் சேர்ந்தவர் சொல்வது: 'பை ஜூன் 2030, ஐ வில் ஹேவ் பீன் வொர்க்கிங் ஹியர் ஃபார் டென் இயர்ஸ்'. கால அளவு இல்லாமல் இதை எழுதினால் வாக்கியம் பாதியில் நின்றதுபோல் இருக்கும்; 'ஃபார்' வைத்து அளவைச் சொல்லிவிடுங்கள்.

எவ்வளவு நேரம் என்றால் தொடர்வினை, எத்தனை முடிந்தது என்றால் சாதாரண வடிவம். 'ஐ வில் ஹேவ் ரிட்டன் டென் லெட்டர்ஸ்' சரி. பத்துக் கடிதம் என்று எண்ணிவிட்ட பிறகு 'ஹேவ் பீன் ரைட்டிங் டென் லெட்டர்ஸ்' பொருந்தாது. நோ (know), ஓன் (own), பிலீவ் (believe) போன்று நிலையைக் காட்டும் வினைகள் பொதுவாக ஐஎன்ஜியை ஏற்பதில்லை. பத்து ஆண்டுப் பழக்கம் என்றாலும் 'ஐ வில் ஹேவ் நோன் ஹர் ஃபார் டென் இயர்ஸ்' தான்.

பீனுக்குப் பின் மூன்றாம் வடிவம் வந்தால் அது செயப்பாட்டு வினை: 'த ரோட் வில் ஹேவ் பீன் ரிப்பேர்ட் பை மண்டே'. சாலை தானே ஏதும் செய்யவில்லை, அதைச் சரிசெய்கிறார்கள். இரண்டையும் பிரிக்க பீனை விட்டுவிட்டு அடுத்த சொல்லைப் பாருங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும், பேச்சில் இந்த டென்ஸ் தேவைப்படும் இடங்கள் குறைவுதான். 'பிஃபோர்' போட்டு எது முன்னே எது பின்னே என்று தெளிவாகிவிட்டால் 'ஐ வில் ஃபினிஷ் இட் பிஃபோர் யூ கம்' போதும். பொருள் தயாராக இருக்கும் என்பதற்கு 'இட் வில் பி ரெடி பை ஃபைவ்' என்பதே இயல்பு. அலுவலக மின்னஞ்சலில் வெறும் வாக்குறுதி கொடுக்கிற இடத்தில் 'ஐ வில் ஹேவ் சென்ட் த ஃபைல் டுமாரோ' என்று எழுதுவதைப் பார்க்கிறோம். அங்கே வேண்டியது 'ஐ வில் சென்ட் த ஃபைல் டுமாரோ'. தமிழில் எழுதினால் இரண்டு 'சென்ட்'டும் ஒன்றுபோலத் தெரியும்: முதல் வாக்கியத்தில் இருப்பது மூன்றாம் வடிவமான sent, இங்கே வேண்டியது மூல வடிவமான send.