பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்க: க்யூபா சிகார் கேள்வி பதில்

க்யூபா சிகார் அசலா போலியான்னு கேட்டு ஒரு வாரமா வந்து சேர்ந்த கேள்விகளுக்கு ஒட்டுக்கா பதில் எழுதறேன். எங்களுக்கு அந்தியூர்ப் பக்கம். அப்பா காலம் வரைக்கும் புகையிலைதான் வெள்ளாமை. நான் திருப்பூர் வந்து பனியன் ஏற்றுமதியில் இறங்கினப்புறம், சரக்கு வாங்க வர்ற ஸ்பெயின்காரப் பையர்களோட பழகித்தான் சிகார் பத்தித் தெரிஞ்சுக்கிட்டேன்.

திருப்பூரிலிருந்து: அண்ணா, தெரிஞ்சவர் ஒருத்தர் கோஹிபாங்கற க்யூபா பிராண்டு சிகார் பெட்டி கொண்டாந்திருக்காருங்க. மேல்மூடி கண்ணாடி, உள்ளே 25 சிகாரும் அப்படியே தெரியுது. கடை விலையில் கால்வாசிதான் கேக்கறாரு. வாங்கலாமுங்களா?

வாங்காதீங்க தம்பி. கண்ணாடி மூடி போட்ட பெட்டியில் கோஹிபாவை க்யூபாவில் விக்கறதே இல்லை. மூடியைப் பார்த்ததுமே பேச்சை முடிச்சிரலாம்.

இதை நான் பணம் கட்டிக் கத்துக்கிட்டேன். 2011-ல் துபாயில் ஒரு சந்துக்கடையில் இதே மாதிரி கண்ணாடிப் பெட்டி வாங்கி, பார்சிலோனாவிலிருந்து வந்திருந்த பையருக்குக் கொடுத்தேன். அவர் மூடியைத் திறக்கவே இல்லை. கண்ணாடி மேல விரலால் ஒரு தட்டு தட்டினாரு, நன்றி சொன்னாரு, மேசை ஓரமா வெச்சுட்டாரு. மறுநாள் சாப்பிட உக்காந்தப்பதான் மெதுவா விஷயத்தைச் சொன்னாரு. எட்டு வருஷமா நம்பி ஆர்டர் கொடுத்த மனுசனுக்குப் போலியைக் கொடுத்துட்டோமேன்னு எனக்கு அன்னைக்குத் தூக்கமே வரலை.

விலையும் ஒரு சாட்சிதான். 2022-ல் கோஹிபா விலையை உலகம் பூராவும் தூக்கிட்டாங்க. கால்வாசி விலைக்கு அசல் வர வழியே இல்லை.

பீளமேட்டிலிருந்து: மரப்பெட்டிதானுங்க, சீல் எல்லாம் இருக்கு. வேற என்ன பார்க்கணும்?

முதல்ல பெட்டியைக் கவிழ்த்து அடிப்பலகையைப் பாருங்க. ‘ஹபானோஸ் எஸ்.ஏ.’, ‘எச்சோ என் கூபா’, ‘தோத்தால்மென்தே ஆ மானோ’ன்னு ஸ்பானிய மொழியில் இருக்கும். முதல்ல இருக்கறது க்யூபா சிகாரை விக்கற கம்பெனி பேரு; மத்த ரெண்டுக்கும் க்யூபாவில் செஞ்சது, முழுக்கக் கையால் செஞ்சதுன்னு அர்த்தம். அது மையால் அச்சடிச்சது இல்லை, மரத்தில் சூடு வெச்சது. நகத்தை ஓட்டிப் பாருங்க, எழுத்து பள்ளமா தட்டுப்படணும். நகம் வழுக்கிட்டுப் போனா பெட்டியைத் திருப்பிக் கொடுத்துடுங்க.

அதுக்குப் பக்கத்தில் மை முத்திரை ஒண்ணு இருக்கும். மூணெழுத்து ஆலைக்குறி, கீழே மாசமும் வருசமும். மாசம் ஸ்பானியத்தில் இருக்கணும். ஜனவரிக்கு எனேரோ, ஆகஸ்டுக்கு அகோஸ்தோ, டிசம்பருக்கு டிசியெம்ப்ரே. அந்தப் பேர்களோட முதல் மூணெழுத்துதான் போட்டிருப்பாங்க. ஜனவரியை இங்கிலீஷ்ல சுருக்கி அடிச்ச பெட்டி ஒண்ணை என்கிட்டயே கொண்டாந்து காட்டினாங்க. வருசத்தையும் ஒப்பிட்டுப் பாருங்க: ‘முழுக்கக் கையால்’ங்கற வாசகம் 1989-ல் வந்தது, ‘ஹபானோஸ் எஸ்.ஏ.’ 1994-ல் வந்தது. 1990-ல் கட்டின பழைய பெட்டின்னு சொல்லி, அடியில் ‘ஹபானோஸ் எஸ்.ஏ.’ இருந்தா அந்தக் கதை பொய்.

முன்பக்கம் ஒட்டியிருக்கற பச்சை உத்தரவாதச் சீட்டு 1912-லிருந்து வர்ற வழக்கம். 2010-க்குப் பிந்தின சீட்டில் ஹோலோகிராமும் பார்கோடும் இருக்கும்.

ஈரோட்டிலிருந்து: பார்கோடு எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டேன், அசல்னு வந்துருச்சு. போதுமுங்களா?

போதாதுங்க. அந்த எண் அசல்னுதான் அது சொல்லுது. ஒரு அசல் பெட்டியோட எண்ணை எடுத்து நூறு போலிச் சீட்டில் அடிச்சாலும் அதே பதில்தான் வரும். காலியான அசல் பெட்டியில் வேற சிகாரை நிரப்பறதும் நடக்குது. எண் தப்புன்னு வந்தா வேண்டாம்னு விட்டுடலாம். சரின்னு வந்தா மத்த சோதனையைத் தொடங்குங்க.

கணபதியிலிருந்து: லேத் பட்டறை வெச்சிருக்கேனுங்க. அளவு எடுத்துக் கண்டுபிடிக்க முடியுமா?

நம்மூருக்கு ஏத்த கேள்வி! வெர்னியர் இருக்கில்லீங்க, அது நல்லாவே உதவும். சிகார் தடிமனை ரிங் கேஜ்னு சொல்லுவாங்க. ஒரு ரிங் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு. கோஹிபா சிக்லோ 6-க்கு 52 ரிங், அதாவது 20.6 மி.மீ.; நீளம் 150. மாண்டேகிறிஸ்டோங்கற இன்னொரு க்யூபா பிராண்டில் நம்பர் 4-க்கு 42 ரிங், 16.7 மி.மீ.; நீளம் 129. கையால் சுத்தறதால் முடியளவு முன்னப்பின்ன இருக்கலாம். ஒரே பெட்டியில் ஒண்ணு 19, இன்னொண்ணு 21-ன்னு வந்தா மனசு ஒப்பக் கூடாது. வெர்னியர் தாடையை அழுத்தாதீங்க, மேல் இலை கிழிஞ்சிரும்.

பொள்ளாச்சியிலிருந்து: அமெரிக்காவிலிருந்து மச்சாண்டார் பையன் கோஹிபா கொண்டாந்தான். பேர் நடுவில் சிவப்பு வட்டம் இருக்கு. பையன் ஏமாந்துட்டானுங்களா?

இல்லீங்க ஐயா, பையனைத் திட்டிராதீங்க. க்யூபா சரக்கை அமெரிக்காவில் விக்கத் தடை. அங்கே அதே பேரில் வேற கம்பெனி விக்கற சிகார் அது. போலி இல்லை, க்யூபாவும் இல்லை.

கோபியிலிருந்து: பெட்டி எல்லாம் சரியா இருந்து, சிகாரே சந்தேகமா இருந்தா?

எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். காகிதத்தையும் பெட்டியையும் எந்த அச்சகத்திலும் அடிச்சுக்கலாம், இலைக்கு மாசக்கணக்கில் உழைக்கணும்.

பெட்டியைத் திறந்ததும் நிறத்தைப் பாருங்க. ஒரு ஓரத்தில் கருத்ததில் தொடங்கி மறு ஓரம் போகப்போக வெளுக்கற மாதிரி தரம் பிரிச்சு அடுக்கியிருப்பாங்க. சிகாரைச் சுத்தி ஒட்டின காகிதப் பட்டை, அதாவது பேண்டு, எல்லாம் ஒரே உயரத்தில், முகம் மேல பார்த்து இருக்கும். கோஹிபா பேண்டில் சின்ன வெள்ளைக் கட்டங்கள் வரிசையா வரும். கட்டம் கோணலாகவோ பாதியில் வெட்டுப்பட்டோ இருந்தா சந்தேகப்படுங்க. ‘கோஹிபா’ங்கற எழுத்து விரலுக்கு மேடா தட்டுப்படணும்.

அடுத்து, ஒண்ணை எடுத்துப் பத்த வெக்கற முனையைப் பாருங்க. நீள இலைகளை மடிச்சு வெச்ச மடிப்பு சுருள் சுருளா தெரியணும். தூளும் துணுக்கும் உதிர்ந்தா சந்தேகப்படுங்க. வாயில் வெக்கற முனையில் மேல் இலையோட துண்டுகளை ஒண்ணு மேல ஒண்ணா மூணு சுத்து ஒட்டியிருப்பாங்க. சாய்ச்சு வெளிச்சத்தில் பார்த்தா மெல்லிசா கோடு தெரியும்.

கடைசியா மோந்து பாருங்க. பாடம், அதாவது இலையைப் போர் போட்டுப் பக்குவப்படுத்தறது, சரியா ஆகாத இலையில் மூக்கைக் குத்தற அம்மோனியா நெடி வரும். எங்க களத்தில் போர் போட்டு வெச்ச புகையிலையை அப்பா நடுவில் கையை விட்டு ஒரு இலை உருவி மோந்து, ‘இன்னும் சூடு அடங்கலை’ம்பாரு. அந்த நெடியை நானும் அங்கதான் பழகினேன். நல்லாப் பாடமான இலையில் மரவாசமும் தேன்வாசமும் கலந்து வரும்.

அவிநாசியிலிருந்து: வீட்டுக்காரரோட மேலதிகாரி ஓய்வு பெறறாருங்க. இங்கேயே கடையில் வாங்கலாமுன்னு இருக்கோம்.

நல்லதுங்க அம்மிணி. நம்ம நாட்டில் சட்டப்படி விக்கற பெட்டியில் பட எச்சரிக்கை 85 சதவீத இடத்தை அடைச்சிருக்கணும். இறக்குமதி செஞ்சவர் பேரும் விலையும் இருக்கணும். இதெல்லாம் இல்லாட்டி கடத்தல் சரக்கு. அது அசலாகவே இருந்தாலும், நாளைக்குக் குறைன்னு கேக்க ஆளில்லை. பில் கட்டாயம் வாங்குங்க.

கரூரிலிருந்து: அடுத்த மாசம் ஹவானா போறேன். ஆலைத் தொழிலாளிகள்கிட்ட மலிவா கிடைக்குமாமே?

அங்கே தெருவில் ஒருத்தர் சிரிச்சுப் பேசி, ‘இன்னைக்குக் கூட்டுறவு விற்பனை, இன்னைக்கு மட்டும் பாதி விலை’ன்னு ஒரு வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு. போகாதீங்க தம்பி. லா காஸா தெல் ஹபானோன்னு பலகை போட்ட அங்கீகாரக் கடையில் வாங்கி, பில்லைப் பெட்டிக்குள்ளேயே வெச்சுக்குங்க. திரும்பி வர்றப்ப சுங்கத்தில் 25 சிகார் வரைதான் தீர்வை இல்லாம விடுவாங்க.

சென்னிமலையிலிருந்து: போலியில் விஷம் இருக்கும், அசல்னா பயமில்லைன்னு சொல்றாங்களே?

அப்படி நினைக்காதீங்க. போலியில் எதைச் சுருட்டியிருக்காங்கன்னே தெரியாது, அது ஒரு பயம். ஆனா பெட்டி மேல இருக்கற புற்றுநோய்ப் படம் அசல் சிகாருக்குப் போட்டதுதான். புகையை உள்ளே இழுக்காட்டியும் வாய்க்கும் தொண்டைக்கும் கேடு உண்டு. நான் விட்டு ஆறு வருசம் ஆச்சு, இப்பப் பார்த்துச் சொல்றதோட சரி.

பவானியிலிருந்து: ஒரு சிகாரில் ஊசி குத்தின மாதிரி ரெண்டு ஓட்டை. போலியா?

ஓட்டையை வெச்சுப் போலின்னு சொல்ல முடியாதுங்க, அது புகையிலை வண்டு வேலை. உடனே அதைத் தனியா எடுத்து வெச்சிருங்க, இல்லாட்டி மத்ததுக்கும் பரவிடும்.

இன்னும் கேக்கறவங்க மூடி படம் மட்டும் அனுப்பறீங்க. அடிப்பலகையையும் பத்த வெக்கற முனையையும் பகல் வெளிச்சத்தில் கிட்ட வெச்சு எடுத்து அனுப்புங்க, பார்த்துச் சொல்றேன்.