புதிய தலைவருக்கு ‘தேனிலவுக் காலம்’ என்கிறார்களே, அது என்ன?

பதவியேற்ற புதிதில் மக்கள் குறைகளைப் பெரிதுபடுத்தாமல் பொறுத்துக்கொள்ளும் சில மாதங்களைத்தான் அப்படிச் சொல்கிறார்கள்.

இலங்கையைப் பாருங்கள். 2019 அதிபர் தேர்தலில் அநுர குமார திசாநாயக்க வாங்கியது சுமார் 3 சதவீத வாக்கு. 2024 செப்டம்பரில் 42 சதவீதம் பெற்று வென்றார். நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் அவரது கூட்டணிக்கு 225-இல் 159 இடங்கள். தமிழர்கள் பெரும்பான்மையாக வாழும் யாழ்ப்பாண மாவட்டத்திலும் முதலிடம், அதுதான் பலரையும் வியக்க வைத்தது!

இவ்வளவு எதிர்பார்ப்பு ஏன்? 2022 பொருளாதார நெருக்கடியில் பழைய ஆட்சியாளர்கள் மீதிருந்த நம்பிக்கை உடைந்துபோனது. விலைவாசி, ஊழல், வடக்கில் காணிப் பிரச்சினை என்று ஆளுக்கொரு கவலை. எல்லாவற்றையும் ஒரே மனிதர் தலையில் ஏற்றிவிட்டார்கள். ஆனால் சர்வதேச நாணய நிதியத்தின் (ஐ.எம்.எஃப்) 290 கோடி டாலர் கடன் திட்டமும் அதன் நிபந்தனைகளும் 2023-லிருந்தே இருக்கின்றன. கடனில் மூழ்கிய மளிகைக் கடையை வாங்கினால் பெயர்ப்பலகையை அன்றே மாற்றலாம், கடன் நோட்டை மாற்ற முடியுமா?

தேனிலவுக் காலத்தோடு சேர்த்துப் பேசப்படும் ‘முதல் 100 நாள்’ என்பதைச் சட்டம் விதித்த கெடு என்று பலர் நினைக்கிறார்கள். அது 1933-இல் அமெரிக்காவில் புதிதாகப் பதவியேற்ற அதிபர் ரூஸ்வெல்ட் காட்டிய வேகத்தால் ஒட்டிக்கொண்ட வழக்கம் மட்டுமே.