ஊசி உடைந்தால் நிறுத்துகிறோம்

அன்புள்ள ஐயா,

திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் லைன் சூப்பர்வைசராக இருக்கிறேன். சென்ற வருடம் எங்கள் முதலாளி ஓர் ஆலோசகரை அழைத்து வந்தார். லீன், சிக்ஸ் சிக்மா, ஃபைவ் எஸ் என்று தரத்தைக் கூட்டி வீண்செலவைக் குறைக்கும் முறைகளில், பெரும்பாலும் ஜப்பானிலிருந்து வந்தவற்றில், வகுப்புகள் நடந்தன. தரையில் மஞ்சள் கோடு போட்டோம், மெஷின்களைத் துடைத்து நம்பர் ஒட்டினோம். அப்புறம் லைன் முனையில் ஒரு பெரிய போர்டு வந்தது. ஒவ்வொரு டெய்லரின் பெயரையும், அன்றைக்கு அவர் தைத்ததில் வந்த டேமேஜ் எண்ணிக்கையையும் அதில் எழுத வேண்டும். குறைவாக வந்தவருக்கு மாதக் கடைசியில் பரிசு. அதிகமாக வந்தவருக்குக் கூலியில் பிடித்தம்.

இரண்டே மாதத்தில் போர்டில் எண்கள் பாதியாகிவிட்டன. முதலாளிக்குச் சந்தோஷம். ஆனால் போன மாதம் எட்டாயிரம் பீஸ் ஆர்டர் ஒன்று பையரின், அதாவது வாங்குபவரின், இன்ஸ்பெக்‌ஷனில் ஃபெயில் ஆனது. கழுத்துப் பட்டையான ரிப்பில் தையல் விட்டிருந்தது, பாடி நீளமும் குறைவு. டையிங்கிலிருந்து துணி நான்கு நாள் தாமதமாக வந்ததால் ஏற்கெனவே அவசரம். மொத்தத்தையும் பிரித்துத் திரும்பச் செக்கிங் செய்து, கப்பலுக்கு நேரமில்லாமல் விமானத்தில் அனுப்பினோம். லாபம் முழுக்க அதிலேயே போய்விட்டது. இப்போது யார் காரணம் என்று பெயர் கேட்கிறார் முதலாளி.

ஜப்பான்காரன் முறை நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்கிறார் கட்டிங் மாஸ்டர். ஆளைக் கசக்கிப் பிழியக் கண்டுபிடித்த புது வழி இது என்கிறார் லைனில் இருக்கும் ஓர் அக்கா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எம்., திருப்பூர்

*

அன்புள்ள எம்.,

முதலாளியிடம் எந்தப் பெயரையும் கொடுக்காதீர்கள். யாரையும் காப்பாற்றச் சொல்லவில்லை. நீங்கள் எந்தப் பெயரைச் சொன்னாலும் அது தப்பான பதிலாக இருக்கும், அடுத்த ஆர்டரிலும் இதே குறை வரும் என்பதால் சொல்கிறேன்.

டையிங்கிலிருந்து துணி நான்கு நாள் தாமதமாக வந்தது என்று ஒரே வரியில் எழுதிவிட்டுக் கடந்து போகிறீர்கள். அந்த வரியில்தான் நின்றிருக்க வேண்டும். பின்னலாடைத் துணி நெய்த துணி மாதிரி அல்ல. சாயம் ஏற்றி, உலர்த்தி, சுருக்கத்தைக் கட்டுப்படுத்தும் காம்பாக்டிங் முடித்து ரோலாகச் சுற்றும்போது இழுபட்ட நிலையிலேயே இருக்கும். ரோலைப் பிரித்து மேசையிலோ ரேக்கிலோ தளர்வாகப் போட்டு வைத்தால்தான் தன் இயல்பான அளவுக்குத் திரும்பும். லைக்ரா கலந்த துணி என்றால் ஒரு முழு நாள் கூடப் போட்டு வைப்பார்கள். இது உங்கள் கட்டிங் மாஸ்டருக்குத் தெரியாத விஷயம் இல்லை. ஆனால் நான்கு நாள் பிந்தி வந்த துணி லாரியிலிருந்து இறங்கியதும், அதைச் சும்மா கிடக்க விடும் தைரியம் யாருக்கு இருந்திருக்கும்? அன்றைக்கே லே போட்டு, அதாவது துணியை அடுக்கடுக்காக விரித்து, வெட்டியிருப்பார்கள் என்பது என் ஊகம். வெட்டும்போது அளவு சரியாகத்தான் இருந்திருக்கும். தைத்து, ஸ்டீம் அயர்ன் பட்டு, பேக்கிங்குக்குப் போகும்போது துணி உள்வாங்கியிருக்கும்.

அந்த நீளக் குறைவைத் தையல் மேசையில் உட்கார்ந்திருக்கும் எந்தக் கையாலும் சரிசெய்ய முடியாது. ஆனால் உங்கள் போர்டில் இருப்பவை டெய்லர்களின் பெயர்கள் மட்டும். டையிங் லாரிக்கு அங்கே ஒரு வரி இல்லை, ஷிப்மென்ட் தேதியை ஒப்புக்கொண்டவருக்கும் இல்லை.

இப்போது கழுத்து ரிப்புக்கு வருவோம். தையல் ஏன் விடுகிறது? ஊசி முனை மழுங்கியிருக்கலாம், லேசாக வளைந்திருக்கலாம், நூல் டென்ஷன் மாறியிருக்கலாம். தோள் தையல் வந்து சேரும் தடிமனான இடத்தில் ஊசி தாண்டிப் போகலாம். அந்த மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கு இது பெரும்பாலும் சத்தத்திலேயே தெரிந்துவிடும். தெரிந்ததும் அவர் என்ன செய்ய முடியும்? மெஷினை நிறுத்தி மெக்கானிக்கைக் கூப்பிட வேண்டும். மெக்கானிக் வேறொரு லைனில் இருப்பார். பீஸ் ரேட்டில் தைப்பவருக்குக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் கூலி நஷ்டம். அதோடு போர்டில் பெயர் ஏறும், மாதக் கடைசியில் பிடித்தம் வரும். ஆகவே அந்த பீஸ் பண்டிலின் நடுவே போய்விடும். செக்கிங்கில் இருப்பவர் பக்கத்து ஊர்ப் பெண், ஒரே கம்பெனி வேனில் வருபவர். கண்ணில் பட்டாலும் எழுதாமல் கையோடு திருப்பித் தந்துவிடுவார். அவருடைய இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் செய்வேன். எண்கள் பாதியானது இப்படித்தான். டேமேஜ் குறையவில்லை, சொல்வது குறைந்துவிட்டது.

எட்டாயிரம் பீஸ் லாட்டுக்கு ஏ.க்யூ.எல்., அதாவது பையர் ஏற்கும் குறையின் வரம்பு, 2.5 என்றால் வழக்கமாக இருநூறு பீஸ் எடுத்துப் பார்ப்பார்கள். குறையுள்ளது பத்து வரை விடுவார்கள், பதினொன்று வந்தால் ஃபெயில். பையரின் ஆளுக்கு உங்கள் போர்டைப் பற்றிய பயம் கிடையாது. அதனால் உண்மையான எண் அவர் கைக்குக் கிடைத்தது.

லீன் என்றாலே எல்லோரும் டொயோட்டா, டொயோட்டா என்கிறோம். அதை நிறுவிய குடும்பத்தின் கதை காரில் தொடங்கவில்லை, தறியில் தொடங்குகிறது. சகிச்சி டொயோடா 1924இல் முழுமையாக்கிய ஜி வகைத் தானியங்கித் தறியில், நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒன்று அறுந்தால் தறி தானாகவே நின்றுவிடும். தானாக நிற்காத தறி நூல் அறுந்தது தெரியாமல் ஓடிக்கொண்டிருக்கும், துணி பாழாகும். அதைக் கவனிக்கவே பக்கத்தில் ஓர் ஆள் நிற்க வேண்டும். தானாக நிற்கும் தறி வந்தபின் ஒரே தொழிலாளி பல தறிகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தது. 1929இல் இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் கம்பெனி அதன் உரிமையை விலை கொடுத்து வாங்கியது. தறி உலகத்துக்கே மெஷின் செய்து கொடுத்த கம்பெனி அது.

அதே எண்ணம்தான் பிறகு கார் ஆலைக்குப் போனது. டொயோட்டாவின் அசெம்பிளி லைனில் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். குறை தெரிந்தால் சாதாரணத் தொழிலாளி அதை இழுக்கலாம். விளக்கு எரியும், டீம் லீடர் ஓடி வருவார். கார் அந்தக் கட்டத்தைத் தாண்டுவதற்குள் சரியானால் லைன் ஓடிக்கொண்டே இருக்கும், இல்லையென்றால் நின்றுவிடும். இழுத்தவருக்குத் திட்டு கிடையாது. உங்கள் ஆலோசகர் மஞ்சள் கோட்டையும் ஃபைவ் எஸ்ஸையும் கொண்டுவந்தார், இந்தக் கயிற்றைக் கொண்டுவரவில்லை. கயிறு இல்லாமல் மற்றதெல்லாம் கம்பெனிக்கு வெள்ளையடித்த மாதிரிதான்.

இது நம் ஆட்களுக்கு ஒத்துவராது என்கிறாரே கட்டிங் மாஸ்டர், அவரிடம் ஒன்று கேளுங்கள். உங்கள் லைனில் ஊசி உடைந்தால் என்ன செய்கிறீர்கள்? ஏற்றுமதி கம்பெனி என்றால் கட்டாயம் இந்த நடைமுறை இருக்கும். மெஷின் உடனே நிற்கும். உடைந்த துண்டுகளைத் தேடி எடுத்து, சேர்த்து வைத்து முழு ஊசி ஆகிறதா என்று பார்ப்பீர்கள். ரிஜிஸ்டரில் டேப் போட்டு ஒட்டி, தேதி, நேரம், மெஷின் நம்பர் எழுதிய பிறகுதான் புது ஊசி கொடுப்பீர்கள். ஒரு துண்டு கிடைக்கவில்லை என்றால் சுற்றியிருக்கும் பீஸ்களை எல்லாம் ஒதுக்கி நீடில் டிடெக்டரில் விடுவீர்கள். ஷிப்மென்ட் அவசரம் என்று யாரும் அதைத் தாண்டிப் போவதில்லை. குழந்தை உடுப்பில் ஊசித் துண்டு போய்விட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஊசி உடைந்தது யார் குற்றம் என்று அங்கே விசாரணையும் நடப்பதில்லை. ஊசி என்றால் உடையத்தான் செய்யும். அந்த அக்காவும் அதை ஒளிக்க மாட்டார்.

ஆக, நிறுத்துவது நம் ஆட்களுக்கு நன்றாகவே தெரியும். ஊசி உடைந்தால் நிறுத்தச் சொல்கிறோம், தையல் விட்டதற்காக நிறுத்தினால் காசு பிடிக்கிறோம். கம்பெனி எதற்கு என்ன மரியாதை தருகிறதோ அதன்படிதான் ஆட்கள் நடக்கிறார்கள். சென்னை பாடியில் சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு 1998இல், தரத்துக்காக ஜப்பான் தரும் டெமிங் பரிசை வாங்கியது. இந்தியாவிலேயே முதல் கம்பெனி அது. 2002இல் டி.வி.எஸ். மோட்டாரும் வாங்கியது. அங்கே வேலை பார்த்தவர்களும் நம் ஆட்கள்தான்.

அந்தப் பரிசுக்குரிய எட்வர்ட்ஸ் டெமிங் அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர். 1950இல் ஜப்பானுக்குப் போய் அங்குள்ள என்ஜினியர்களுக்கும் முதலாளிகளுக்கும் பாடம் எடுத்தவர். பிற்காலத்தில் தன் கருத்தரங்குகளில் அவர் ஒன்றைச் செய்து காட்டுவார். ஒரு பெட்டியில் நாலாயிரம் மணிகள், அதில் எண்ணூறு சிவப்பு, மீதி வெள்ளை. கூட்டத்திலிருந்து சிலரைத் தொழிலாளிகளாகக் கூப்பிடுவார். ஐம்பது குழி உள்ள ஒரு பலகையைப் பெட்டிக்குள் விட்டு எடுக்க வேண்டும், வெள்ளை மணி மட்டும்தான் வர வேண்டும் என்பது உத்தரவு. யார் எடுத்தாலும் சுமாராகப் பத்து சிவப்பு வரத்தான் செய்யும். ஆனால் ஒவ்வொருவர் எடுத்ததையும் எண்ணி, பெயர் போட்டு எழுதுவார்கள். ஏழு எடுத்தவருக்குப் பாராட்டு, பதினான்கு எடுத்தவருக்கு எச்சரிக்கை. மறுமுறை பாராட்டு வாங்கியவருக்குப் பதின்மூன்று வரும். சிவப்பு மணி பெட்டியிலேயே இருக்கிறது, எடுப்பவர் கையில் ஒன்றுமில்லை. பெட்டியை மாற்றக்கூடிய ஒரே ஆள் முதலாளி. உங்கள் போர்டு அப்படியே இந்த விளையாட்டுத்தான். நிட்டிங்கில் விழுந்த ஊசிக்கோடு, டையிங்கில் மாறிய ஷேடு, கிடக்க விடாமல் வெட்டிய துணி, ஊசி மாற்றாத மெஷின் எல்லாம் சேர்ந்து பெட்டிக்குள் கிடக்கின்றன. தன்னுடைய பதினான்கு கொள்கைகளில் ஒன்றாகவே டெமிங் சொன்னார்: பயத்தை விரட்டுங்கள்.

இனி அந்த அக்கா சொன்னது. அவர் சந்தேகத்தை நான் மிகவும் மதிக்கிறேன், அதற்கு நியாயமும் இருக்கிறது. டொயோட்டாவே 1950இல் திவாலாகும் நிலைக்குப் போய், ஆட்குறைப்பு, வேலைநிறுத்தம் எல்லாம் நடந்து, ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வெளியே போனார்கள். நிறுவனர் கீச்சிரோ டொயோடா அதற்குப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். மிச்சமிருந்தவர்களுக்கு வேலை போகாது என்ற நம்பிக்கை கிடைத்த பிறகுதான் அவர்கள் வாய் திறந்து வீண்வேலைகளைச் சுட்டிக்காட்டினார்கள். ஒரு டெய்லர் நல்ல யோசனை சொல்லி, அதனால் நாலு பேர் வேலையை மூன்று பேர் செய்ய முடிந்து, அந்த நாலாவது ஆளை வீட்டுக்கு அனுப்பினால், அந்த லைனிலிருந்து இன்னொரு யோசனை வரவே வராது. அப்போது அக்கா சொன்னதுதான் உண்மை.

சிக்ஸ் சிக்மாவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1980களில் மோட்டரோலாவில் பிறந்தது, பத்து லட்சத்துக்கு 3.4 குறை என்பது அதன் கணக்கு. உள்ளதை உள்ளபடி எழுதும் கம்பெனிக்குத்தான் அந்தக் கணக்கு பயன்படும். உங்களுக்கு இப்போது அது வேண்டாம்.

நீங்கள் சூப்பர்வைசர், கூலி முறையை மாற்றும் அதிகாரம் உங்களிடம் இல்லை. ஆனாலும் சிலவற்றை உங்கள் அளவில் செய்யலாம். போர்டில் பெயரை அழித்துவிட்டு வேலையையும் நேரத்தையும் எழுதச் சொல்லி அனுமதி கேளுங்கள். "கழுத்து ரிப், மெஷின் 14, காலை பதினொன்றரை, தையல் விட்டது, ஊசி மாற்றினோம்." இப்படி எழுதினால் ஒரு வாரத்திலேயே எந்த மெஷின், எந்த நேரம், எந்த ரோல் என்று பிடிபடத் தொடங்கும்.

பண்டிலைச் சின்னதாக்குங்கள். டொயோட்டா முறையை வடிவமைத்த தாயிச்சி ஓனோ ஏழு வகை வீண்செயல்களைப் பட்டியலிட்டார். அதில் ஆக மோசமானது தேவைக்கு மேல் செய்து குவிப்பது என்றார், ஏனென்றால் அந்தக் குவியல் மற்ற குறைகளை எல்லாம் மூடிவிடும். இரண்டு மேசைக்கு நடுவே முந்நூறு பீஸ் கிடந்தால், முதல் பீஸில் விட்ட தையல் அடுத்த மேசைக்குத் தெரிய அரை நாள் ஆகும். பத்துப் பத்தாகப் போனால் பத்தாவது பீஸிலேயே சத்தம் வரும்.

சைஸ் லேபிள் விட்டுப்போவது, இரண்டு லேபிள் விழுவது எல்லாம் உங்களிடமும் இருக்கும். ஷிகியோ ஷிங்கோ என்பவர் 1961இல் ஒரு ஜப்பானிய ஆலையில் பார்த்த பிரச்சினையும் இதே ஜாதிதான். சின்ன சுவிட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் போட வேண்டும், அடிக்கடி ஒன்று விட்டுப்போகும். கவனமாக இருங்கள் என்று எவ்வளவு சொல்லியும் பயனில்லை. முதலில் இரண்டு ஸ்பிரிங்கை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு மாட்டுங்கள் என்று மாற்றினார் ஷிங்கோ. கிண்ணத்தில் மிச்சம் இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். நீங்களும் பண்டிலோடு லேபிளை எண்ணிச் சேர்த்துக் கட்டிக் கொடுங்கள். பத்து பீஸுக்குப் பத்து லேபிள். முடிவில் ஒன்று மிஞ்சினால், அந்தப் பண்டில் நகர்வதற்கு முன்பே லேபிள் இல்லாத பீஸ் கிடைத்துவிடும். யாரையும் திட்ட வேண்டியதில்லை.

முதலாளியிடம் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. குறை சொல்லி நிறுத்திய நேரத்துக்கு, அந்த டெய்லரின் சராசரிக் கூலியைக் கம்பெனி தர வேண்டும். கூடவே பிடித்தத்தை எடுக்க வேண்டும். பணம் அதிகம் ஆகும் என்பார். விமானத்துக்குக் கட்டிய தொகையை எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். ஒரு லைனுக்கு ஒரு வருடம் முழுக்க நிறுத்திய நேரத்துக்குக் கூலி கொடுத்தால் எவ்வளவு ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

அடுத்த லாட் துணி வரும்போது, ரோலைப் பிரித்த நேரத்தையும் லே போட்ட நேரத்தையும் ஒரு சீட்டில் எழுதி, அந்த லேயில் வெட்டிய பண்டில்களோடு கட்டி அனுப்பச் சொல்லுங்கள். அயர்ன் முடிந்து நீளம் அளக்கும்போது அந்தச் சீட்டும் கையில் இருக்கட்டும். கட்டிங் மாஸ்டரையும் கூட வைத்துக்கொண்டு அளந்து பாருங்கள். அவர் மேல் பழி போட இது இல்லை என்று முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள். துணி கிடக்க அவருக்கு நேரம் வாங்கித் தருவது உங்கள் இருவருக்கும் மேலே இருப்பவரின் வேலை. என்ன வந்தது என்று எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்