ஏ.சி. கேஸ் ஏன் அடிக்கடி தீர்கிறது?

கேள்வி: யங்கோன் திங்கஞ்சுனில் டாக்சி ஓட்டுகிறேன். வண்டி 2006ஆம் ஆண்டு டொயோட்டா ப்ரோபாக்ஸ். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஏ.சி. கேஸ் அடிக்கிறேன். தண்ணீர்த் திருவிழாவுக்கு முன்பும் அடித்தேன். இப்போது வண்டி ஓடினால் குளிர்கிறது, நெரிசலில் நின்றால் அனல் காற்று வருகிறது. “கேஸ் பழசாகிவிட்டது, முழுவதும் மாற்ற வேண்டும்” என்கிறார் மெக்கானிக். மாற்றலாமா?

பதில்: மாற்றலாம். ஆனால் அவர் சொல்லும் காரணம் தவறு. ஏ.சி. கேஸ் பெட்ரோலைப் போல எரிந்து தீர்வதில்லை, என்ஜின் ஆயிலைப் போலக் கெட்டுப்போவதும் இல்லை. மூடிய குழாய்க்குள் அதே கேஸ்தான் வருடக்கணக்கில் சுற்றிச் சுற்றி வருகிறது. இரண்டு மாதத்தில் குறைந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காமல் எத்தனை முறை மாற்றினாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

ஓட்டையைக் கண்டுபிடிக்க முதலில் உங்கள் கண்ணே போதும். கேஸை அழுத்தித் தள்ளும் கம்ப்ரஸருக்கு வேண்டிய எண்ணெய் கேஸோடு கலந்துதான் ஓடுகிறது. கசியும் இடத்தில் எண்ணெயும் வெளியே வந்து, புழுதி ஒட்டி, கறுப்புப் பிசுக்காகப் படிந்திருக்கும். குழாய் மூட்டுகள், கம்ப்ரஸரின் கப்பிப் பக்கம், கேஸின் சூட்டை வெளியேற்ற முன்னால் இருந்து கல்லடி படும் கண்டென்ஸர் ஆகியவற்றை டார்ச் அடித்துப் பாருங்கள். அடுத்து, கேஸ் அடிக்கும் வாயின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றிச் சோப்பு நுரை தடவுங்கள். குமிழி கிளம்பினால் உள்ளே இருக்கும் சின்ன வால்வுதான் குற்றவாளி. மூடியைத் தொலைத்துவிட்டு ஓடும் வண்டிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த மூடியும் கசிவைத் தடுக்கும் ஒரு காவல்தான். வெளியே எதுவும் தென்படாவிட்டால் டாஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலைச் சந்தேகிக்க வேண்டும். அது கொஞ்சம் பெரிய வேலை.

நின்றால் சூடு, ஓடினால் குளிர்ச்சி என்கிறீர்களே, அதற்குக் கசிவை மட்டும் காரணமாகச் சொல்ல முடியாது. ஏ.சி.யைப் போட்டுவிட்டு, கண்டென்ஸருக்குக் காற்று தரும் ஃபேன் சுற்றுகிறதா என்று பாருங்கள். சுற்றுகிறது என்றால், கடைசியாக அடித்தவர் அளவுக்கு மீறி அடித்திருக்கலாம். கேஸ் கூடினால் குளிர் கூடாது. கண்டென்ஸரில் திரவம் தேங்கி, அழுத்தம் எகிறி, குளிர்ச்சி குறைந்துதான் போகும்.

அளவு ஏன் தவறுகிறது? பெரும்பாலானோர் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்த்து அடிக்கிறார்கள். சமையல் கேஸ் சிலிண்டர் தீரும் நாள்வரை அடுப்பு ஒரே மாதிரி எரியும், தூக்கிப் பார்த்தால்தான் மிச்சம் தெரியும் அல்லவா? இதுவும் அப்படித்தான். என்ஜின் நிற்கும்போது 30 டிகிரி வெப்பத்தில் கேஜ் சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டை ஒட்டிக் காட்டும். உள்ளே 150 கிராம் இருந்தாலும் 500 கிராம் இருந்தாலும் அதே 100தான். பானட்டைத் திறந்தால் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஜப்பானிய எழுத்து புரியாவிட்டாலும் பரவாயில்லை, 134 என்ற எண்ணும் (உங்கள் கேஸின் பெயர் ஆர்-134ஏ) கிராம் கணக்கும் கண்ணில் படும். அந்தக் கிராமைத் தராசில் நிறுத்து அடிக்கச் சொல்லுங்கள். தராசு இல்லாத பட்டறை என்றால் வேறு இடம் பாருங்கள்.

இனி மாற்றும் முறை. பழைய கேஸை இயந்திரத்தால் உறிஞ்சிச் சிலிண்டரில் பிடிக்க வேண்டும், காற்றில் திறந்துவிடக் கூடாது. ஒரு கிலோ ஆர்-134ஏ, ஏறக்குறைய 1,400 கிலோ கரியமில வாயு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். பிறகு கசிவைச் சரிசெய்து, ஓ-ரிங்குகளை மாற்றி, வேக்குவம் பம்ப் போட வேண்டும். அரை மணி நேரத்துக்குக் குறையக் கூடாது. நம் ஊர் மழைக்காலத்தில் முக்கால் மணி நேரம். காற்றை எடுப்பதோடு வேலை முடிவதில்லை, ஈரத்தையும் எடுக்க வேண்டும். ஈரம் தங்கினால், கேஸ் விரிந்து குளிரும் குறுகிய வழியான எக்ஸ்பான்ஷன் வால்வில் பனியாக உறைந்து வழியை அடைக்கும். எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகவும் மாறும்.

சென்ற மழைக்காலத்தில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தபோது என் பட்டறையில் மின்சாரம் போயிற்று. அது பழைய பம்ப், பின்னோக்குத் தடுப்பு வால்வு கிடையாது. நான் கேஜ் வால்வை மூட ஓடுவதற்குள் பம்பின் எண்ணெயை வண்டியின் குழாய் உறிஞ்சிக்கொண்டது. எல்லாவற்றையும் கழற்றிக் கழுவ ஒரு நாள் போனது. அன்றிலிருந்து ஜெனரேட்டர் இல்லாமல் பம்பைத் தொடுவதில்லை. உங்கள் மெக்கானிக்கிடமும் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பம்பை நிறுத்தி, வால்வை மூடி, இருபது நிமிடம் முள்ளைப் பாருங்கள். ஏறினால் கசிவோ ஈரமோ மிச்சம் இருக்கிறது. அசையாவிட்டால் கேஸ் அடிக்கலாம். என்ஜின் ஓடும்போது தாழ்வழுத்தப் பக்கம் மட்டுமே அடிக்க வேண்டும், கேஸ் டப்பா நிமிர்ந்திருக்க வேண்டும். உயரழுத்த வால்வைத் திறந்தால் டப்பா வெடிக்கக்கூடும். கண்ணாடி அணியுங்கள். வெற்றிலை போடுவது உங்கள் விருப்பம், சுருட்டு மட்டும் வேண்டாம். இந்தக் கேஸ் நெருப்பில் பட்டால் நச்சுப் புகையாகிவிடும்.

மலிவு டப்பாவிடம் கவனமாக இருங்கள். 2011இல் வியட்நாமில் பழுதுபார்க்கப்பட்ட குளிர்பதனக் கண்டெய்னர்கள் வெடித்து மூன்று பேர் இறந்தார்கள். 134ஏ என்ற பெயரில் மீத்தைல் குளோரைடு கலந்த போலிச் சரக்கை அடைத்ததுதான் காரணம். அது அலுமினியத்தோடு சேர்ந்தால், காற்றுப் பட்டவுடன் தீப்பிடிக்கும் பொருளை உண்டாக்கும். ஓட்டையைத் தானே அடைக்கும் என்று விற்கும் டப்பாக்களும் வேண்டாம். ஓட்டையோடு வால்வையும் அடைத்துவிடும். உங்கள் வண்டியின் கம்ப்ரஸருக்குப் பாக் (PAG) என்ற வகை எண்ணெய் பொருந்தும். ஹைப்ரிட் வண்டி வைத்திருக்கும் நண்பர்கள் அதை ஊற்றக் கூடாது, அவற்றின் மின்சாரக் கம்ப்ரஸருக்குத் தனி எண்ணெய் உண்டு.

பழைய கேஸை உறிஞ்சியதும் எத்தனை கிராம் வந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் உள்ளதைவிடக் கூடுதலாக வந்தால், உங்கள் ஃபேன் மேல் பழி போட வேண்டியதில்லை.