அயர்லாந்தில் ஒரு வாரம் சுற்றப் போகிறோம். வெளியே என்ன சாப்பிடலாம்?

டப்ளினில் இறங்கி கார் எடுத்துக்கொண்டு கால்வே, டிங்கிள் என்று குடும்பத்தோடு போவதாக எழுதியிருக்கிறீர்கள். வீட்டில் பாதிப் பேர் சைவம் வேறு. முதலில் கடிகாரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், சாப்பாடு அப்புறம்.

நான் அயர்லாந்துக்குப் போன புதிதில் கெர்ரி மாவட்டத்துப் பக்கம் ஒரு சின்ன ஊருக்கு ராத்திரி ஒன்பதேகாலுக்குப் போய்ச் சேர்ந்தேன். பப்பில் நிற்க இடமில்லை, மூலையில் பிடில் வாசிப்பு. சாப்பிட என்ன இருக்கிறது என்று கேட்டால், "கிச்சன் ஒன்பதுக்கே மூடியாச்சே" என்றார் கவுன்டரில் இருந்தவர். என் முகம் எப்படிப் போனதோ, உள்ளே போய் வெண்ணெய் தடவிய ரெண்டு ரொட்டித் துண்டும் டேட்டோ என்ற பிராண்டு சிப்ஸ் பாக்கெட் ஒன்றும் கொண்டுவந்து வைத்தார். சிப்ஸை நடுவில் கொட்டி, நொறுங்குகிற சத்தம் வருகிற மாதிரி உள்ளங்கையால் அமுக்கிச் சாப்பிட வேண்டுமாம். சிரிக்காதீர்கள், அங்கே அதற்குப் பெரிய ரசிகர் கூட்டமே உண்டு.

ஆகவே பெரிய சாப்பாட்டை மதியமே முடித்துவிடுங்கள். பப் என்றதும் சாராயக்கடை என்று ஒதுங்க வேண்டாம். உள்ளூர்க்காரர்களே பிள்ளைகளோடு வந்து சாப்பிடுகிற இடம் அது. 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் மட்டும் இரவு 9 மணிக்கு மேல் பார் பகுதியில் இருக்கக் கூடாது. மே முதல் செப்டம்பர் வரை 10 மணி.

என்ன கேட்பது? என்னைக் கேட்டால் அன்றைய சூப்பும் பிரவுன் பிரெட்டும். அந்த ரொட்டியில் ஈஸ்ட் கிடையாது. கோதுமை மாவில் சமையல் சோடா போட்டு மோர் ஊற்றிக் கலந்து, அதிகம் பிசையாமல் அப்படியே அடுப்பில் வைத்துவிடுவார்கள். மோரின் புளிப்பு பட்டதும் சோடா பொங்கி மாவு உப்பும். அந்த ஊர்க் கோதுமையில் பசைத்தன்மை குறைவு, ஈஸ்டுக்கு அவ்வளவாக ஒத்துவராது. அதனால் வந்த வழக்கம். வெளியே மொறுமொறு, உள்ளே ஈரம். மேலே வெண்ணெயைக் கஞ்சத்தனம் பார்க்காமல் பூசுங்கள், அயர்லாந்து வெண்ணெய்க்கு அந்த மரியாதை தகும்.

கடலோரத்தில் மீன் சாப்பிடுகிறவர்கள் சவுடர் என்ற கெட்டி சூப் கேளுங்கள். புகை போட்ட மீன், மஸ்ஸல் என்ற சிப்பி, உருளைக்கிழங்கு எல்லாம் கிரீமில் கிடக்கும். ஒரு கிண்ணமே வயிற்றை நிறைத்துவிடும்.

சைவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மெனுவில் ஒவ்வொரு பதார்த்தத்துக்கும் எதிரே எண்கள் இருக்கும். அவை ஒவ்வாமை தரும் 14 பொருள்களுக்கானவை. கோழி அந்தப் பட்டியலிலேயே இல்லை. காய்கறி சூப் கோழி வேகவைத்த தண்ணீரில் செய்ததா என்பதை வாய் திறந்து கேட்டால்தான் தெரியும். காலை உணவில் வரும் பிளாக் புட்டிங் பன்றி ரத்தத்தில் செய்தது, பெயரைப் பார்த்து இனிப்பென்று நினைத்துவிடாதீர்கள். டப்ளினில் விக்லோ தெருவில் கார்னுகோபியா என்ற சைவ உணவகம் 1986 முதல் இருக்கிறது. அங்கே நிம்மதியாக உட்காரலாம்.

டப்ளினில் பப்கள் நிறைந்த டெம்பிள் பார் பகுதியை ஒரு நடை பார்த்துவிட்டு வேறு தெருவில் போய்ச் சாப்பிடுங்கள், விலை அப்படி. டிப்ஸ் மேஜையில் பரிமாறினால் பத்து சதவீதம் போதும்; பில்லில் சர்வீஸ் சார்ஜ் ஏற்கெனவே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

நாலாம் நாள் நாக்கு காரம் தேடும். அன்றைக்குச் சைனீஸ் டேக்அவேயில் ஸ்பைஸ் பேக் வாங்குங்கள்: பொரித்த கோழி, உருளை வறுவல், வெங்காயம், மிளகாய் எல்லாம் மசாலாப் பொடி தூவிக் காகிதப் பையில் குலுக்கித் தருவார்கள். ரூமுக்குக் கொண்டுபோகிற வரை காத்திருக்காதீர்கள், நமத்துப் போகும். காரிலேயே பையைப் பிரித்துவிடுங்கள்.