பங்குனி வெயிலில் கொல்லைப்புறத் தோட்டம்: கேள்வியும் பதிலும்

மாசி முடிந்து பங்குனி பிறந்ததும் மா பிஞ்சு விடும், வேம்பு பூக்கும், மல்லிகை மொட்டு வைக்கும். கூடவே வெயிலும் பூச்சியும் வரும். மதுரை, திண்டுக்கல், கரூர்ப் பக்கத்துக் கிராமத்து வீடுகளிலிருந்து வந்த கேள்விகள் இவை.

ஐயா, வாசலில் ரெண்டு குண்டுமல்லி நிற்குது. கொழுந்து இலை மஞ்சளாப் போகுது. மொட்டும் ஊதா நிறமாகி விரியாமலே காயுது. அடுப்புச் சாம்பல் போட்டுப் பார்த்தேன், சரியாகலை.

இவை ரெண்டும் வேறு வேறு நோவு அம்மா. முதல் வேலையாகச் சாம்பலை நிறுத்துங்கள். கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. சுண்ணாம்பு மண்ணிலும் உப்பான போர்த் தண்ணீரிலும் வளரும் செடிக்கு இது வழக்கம். மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் அதை எடுக்க முடியாது. சாம்பலும் காரம் என்பதால் குறை இன்னும் கூடும்.

அன்னபேதி (இரும்பு சல்பேட்) 5 கிராம், எலுமிச்சைச் சாறு அரை மூடி, தண்ணீர் 1 லிட்டர். கரைத்த உடனே, சாயங்காலமாக இலை நனையத் தெளியுங்கள். வாரம் ஒரு தரம், கொழுந்து பச்சை திரும்பும்வரை. அன்னபேதி வாங்கும்போது வெளிர்பச்சைக் கட்டியாக இருக்க வேண்டும். துருப் பிடித்த மாதிரி பழுப்பாக இருந்தால் வாங்காதீர்கள். கரைத்து வைத்து மறுநாள் அடிப்பதும் வீண்.

மொட்டு ஊதாவாவது மொட்டு ஈயின் வேலை. அதன் புழு மொட்டின் அடியில் இருந்து தின்னும். காய்ந்த மொட்டையும் ஊதா மொட்டையும் தினமும் கிள்ளி எரித்துவிடுங்கள், செடியடியில் உதிரவிட்டால் புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகி அடுத்த பூவுக்கு ஈயாகத் திரும்பி வரும். அடிமண்ணை வாரம் ஒருமுறை இரண்டு விரல்கடை ஆழத்துக்குக் கொத்திவிட்டால் பாதி குறையும். மொட்டில் ஓட்டையும் நூலாம்படையும் இருந்தால் அது மொட்டுப்புழு. அதற்கும் முதல் வைத்தியம் பொறுக்கி அழிப்பதே.

கவாத்து செய்யலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். இப்போது கூடாது. அது கார்த்திகை வேலை; நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு வெட்டினால்தான் பங்குனியில் பூ வரும்.

வெண்டை முப்பது செடி. இலையில் நரம்பு மஞ்சளாகி வலை மாதிரி தெரியுது, காயும் வெளுத்து வருது. என்ன மருந்து அண்ணே?

மருந்து இல்லை தம்பி. அது மஞ்சள் நரம்பு நச்சுயிரி நோய், வந்த செடி தேறாது. வெள்ளை ஈ பரப்புகிறது. கோடையில் வெள்ளை ஈ பெருகுவதால் இந்தப் பட்டத்து வெண்டைதான் அதிகம் மாட்டும். நாலைந்து செடியில் மட்டும் தெரிந்தால் இன்றே பிடுங்கிப் புதைத்துவிடுங்கள். பாதிக்கு மேல் போயிருந்தால் பிடுங்கிப் பயனில்லை, இருக்கும் காயைப் பறித்துச் சாப்பிட்டுவிட்டு மொத்தமாக எடுத்துவிடுங்கள். வெளுத்த காயைத் தின்னலாம், கெடுதி இல்லை. காய்த்து ஓய்ந்த பழைய வெண்டையைப் பக்கத்திலேயே விட்டுவைத்துப் புதுசு விதைப்பதுதான் பெரும்பாலான வீடுகளில் நடக்கும் தப்பு. பழைய செடியிலிருந்து ஈ நேராகப் புதுசுக்கு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அடுத்த தடவை அர்க்கா அனாமிகா போல இந்த நோயைத் தாங்கும் ரகமாகக் கேட்டு வாங்குங்கள். முழுக்கத் தப்பும் என்று உறுதி சொல்ல முடியாது, ஆனால் தாமதமாகும். வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, செடிக்குச் செடி ஒரு அடி. முளைத்த வாரத்திலேயே மஞ்சள் ஒட்டுப்பொறி ரெண்டு, செடி உச்சி உயரத்துக்குக் கட்டுங்கள். வேப்பெண்ணெய் லிட்டருக்கு 5 மில்லி. முதலில் சோப்புக் கரைசலில் எண்ணெயை நன்றாக அடித்துக் கலக்கிப் பிறகு தண்ணீர் சேர்க்க வேண்டும். நேராகத் தண்ணீரில் ஊற்றினால் எண்ணெய் மேலே மிதந்து, கடைசியில் நிற்கும் நாலு செடிக்கு மட்டும் மொத்தமாகப் போய் இலை கருகும். வெயில் சாய்ந்த பிறகு மட்டும் அடியுங்கள்.

சுரைக்கொடி பந்தல் முழுக்கப் படர்ந்திருக்கு, பூவும் நிறைய. பிஞ்சு மட்டும் கட்டைவிரல் அளவில் மஞ்சளாகி விழுது.

பூவின் அடியில் குட்டிச் சுரைக்காய் இருந்தால் பெண் பூ, வெறும் காம்பு இருந்தால் ஆண் பூ. முதலில் ஆண் பூ வருவதும், வெயில் ஏற ஏற ஆண் பூவின் பங்கு கூடுவதும் இயல்பு. யூரியாவும் எருவும் அதிகம் போட்டால் கொடி தழைக்குமே தவிர பெண் பூ வராது.

உங்கள் பிஞ்சு விழுவது மகரந்தம் சேராததால். சுரைப்பூ சாயங்காலம்தான் விரியும். பகலில் திரியும் தேனீக்கு அது கிடைக்காது. ஆறு மணிக்கு மேல் புதிதாக விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழைக் கிழித்துவிட்டு, நடுவிலிருக்கும் தூளை ரெண்டு மூன்று பெண் பூவின் சூலகமுடியில் (பூ நடுவில் நிற்கும் முனை) மெதுவாகத் தேயுங்கள். நாலு நாளில் பிஞ்சு தலை கவிழ்ந்து பருத்தால் பிடித்துவிட்டது. பீர்க்கனுக்கும் புடலைக்கும் இதே சாயங்கால நேரம். பூசணி, பாகலுக்குக் காலை ஆறிலிருந்து எட்டு மணி.

மஞ்சளான பிஞ்சில் ஊசி குத்திய மாதிரி புள்ளியும் பிசினும் இருந்தால் அது பழ ஈ. அப்படிப்பட்ட பிஞ்சை எருக்குழியில் போடாதீர்கள், இரண்டடி ஆழத்தில் புதையுங்கள். நல்ல பிஞ்சைக் காகிதப் பையில் மூடிக் கட்டினால் போதும்.

மாமரத்தில் பிஞ்சு கொட்டுது. இலையில் கரி பூசின மாதிரி கறுப்பு. பிஞ்சு கொட்டறது எதனால?

பூத்ததில் நூற்றுக்கு ஒன்றுகூடக் காயாக நிற்காது. கொட்டுவதைப் பார்த்து உடனே பயப்பட வேண்டாம். பட்டாணி அளவில் உதிர்வது மரம் தானே கழிப்பது. கோலிக்குண்டு அளவுக்கு மேல் வந்து உதிர்ந்தால்தான் தண்ணீர்க் குறை.

பூவாக நிற்கும்போது தண்ணீர் விடாமல், பிஞ்சு பட்டாணி அளவு ஆன பிறகு ஆரம்பியுங்கள். பத்து நாளுக்கு ஒருமுறை, நிறைய. அடிமரத்தில் ஊற்றுவது வீண். மத்தியானம் மரநிழல் விழும் வட்டத்தின் ஓரத்தில் வாய்க்கால் மாதிரி பாத்தி கட்டி அதில் விட வேண்டும், உறிஞ்சும் வேர் அங்கேதான் இருக்கிறது. காய்ந்து கிடந்த மரத்துக்குத் திடீரென்று வெள்ளமாக விட்டாலும் பிஞ்சு கொட்டும், ஆகவே முதல் தண்ணீரை ரெண்டு நாளாகப் பிரித்து விடுங்கள். இதற்குப் பிறகும் உதிர்வது நிற்காவிட்டால் பிளானோபிக்ஸ் என்ற வளர்ச்சி ஊக்கி மருந்து, நான்கரை லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி, ஒரே ஒரு முறை. கூடுதலாக ஊற்றினால் அந்த மருந்தே பிஞ்சை உதிர்க்கும்.

கறுப்பு வேறு கதை. தத்துப்பூச்சி பூவிலும் கொழுந்திலும் சாறு உறிஞ்சித் தேன் மாதிரி ஒழுகவிடும், அதன்மேல் பூசணம் படர்ந்தால் கரி. ஒரு கிலோ மைதாவை 5 லிட்டர் தண்ணீரில் கஞ்சியாகக் காய்ச்சி, ஆறவைத்து, 20 லிட்டராக்கி வடிகட்டி அடியுங்கள். வெயிலில் காய்ந்து ஏடாக உரியும், கரியும் சேர்ந்து வந்துவிடும். மேகமூட்டமான நாளில் அடித்தால் பயனில்லை. பூ முழுக்க விரிந்திருக்கும்போது எந்தப் பூச்சிமருந்தும் வேண்டாம். தேனீயும் ஈயும் செத்தால் காயே பிடிக்காது.

தினமும் காலை, மாலை ரெண்டு வேளையும் தண்ணி ஊத்தறேன், அப்படியும் மத்தியானம் வாடுது.

ரெண்டு வேளையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளிப்பதால்தான். மேல்மண் மட்டும் நனைந்தால் வேரும் மேலேயே வரும், உச்சிவெயிலில் அதுதான் முதலில் வேகும். காலை ஏழு மணிக்குள் ஒரே தடவை, ஆழமாக. ஒரு சாண் தோண்டி அங்கிருந்து ஒரு பிடி மண் எடுத்து அழுத்துங்கள்: உருண்டையாக நின்றால் இன்று தண்ணீர் வேண்டாம், பொலபொலவென உதிர்ந்தால் வேண்டும். மத்தியானம் வாடிச் சாயங்காலம் தானே நிமிரும் செடிக்குத் தண்ணீர்க் குறை இல்லை. காலையிலேயே வாடி நின்றால் குறை, அல்லது வேரழுகல்.

மூடாக்கு போடாமல் கோடையில் எவ்வளவு ஊற்றினாலும் வெயிலுக்குத்தான் ஊற்றுகிறீர்கள். சருகு, வைக்கோல், கரும்புச் சோகை எதுவானாலும் மூன்று விரல்கடை கனம். தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளிப் போடுங்கள், இல்லையென்றால் தண்டு அழுகும், கறையானும் ஏறும். தென்னைக்கு அடியிலிருந்து ஆறடி வட்டத்தில் நூறு உரிமட்டையைக் குவிந்த பக்கம் மேலே தெரியக் கவிழ்த்து அடுக்குங்கள். மட்டை இல்லாவிட்டால் காய்ந்த ஓலை பதினைந்து போதும்.

துவைத்த தண்ணியை விடலாமா?

வாழைக்கும் கல்வாழைக்கும் விடலாம். மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் வேண்டாம், சோடா உப்பு சேரும். அரிசி கழுவிய தண்ணீர் எதற்கும் நல்லது.

கறிவேப்பிலை கிளைக்குக் கிளை பூ வெச்சிருக்கு. அப்படியே விடலாமா?

இலை வேண்டுமென்றால் பூக்கொத்தை மொட்டிலேயே கிள்ளிவிடுங்கள். காய்க்க விட்டால் கொழுந்து நின்றுவிடும். பறவை எச்சம் மாதிரி இலைமேல் ஒட்டியிருப்பது எச்சம் இல்லை, எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் குட்டிப் புழு. பெரிதானால் பச்சையாகி ஒரு கிளையை ரெண்டே நாளில் மொட்டையடிக்கும். கையால் எடுத்துவிடலாம், சிறிய செடிக்கு மருந்து தேவையே இல்லை.

கீரை விதைச்சா முளைக்கவே இல்லை. விதை சரியில்லையா?

பெரும்பாலும் எறும்பு தூக்கிப் போயிருக்கும். ஒரு பங்கு விதைக்குப் பத்துப் பங்கு மணல் கலந்து தூவி, மேலே மெல்லிசாக மணல் மூடி, ஓலை பரப்பி, அதன்மேல் பூவாளியால் தெளியுங்கள். பாத்தியைச் சுற்றிச் சாம்பல் கோடு போடலாம். சாம்பலுக்கு உபயோகம் இங்கேதான். நாலாம் நாள் ஓலையை எடுத்துவிட வேண்டும், விட்டால் முளை வெளுத்து ஒடியும். சிறுகீரை 25 நாளில் பிடுங்கலாம்.

வேப்பம்பூ காய வெச்சா கறுத்துப்போகுது.

வெயிலில் காயவைத்தால் அப்படித்தான். காலையில் மரத்தடியில் வேட்டி விரித்து, விழும் பூவை மட்டும் எடுங்கள். கொத்தோடு ஒடித்தால் காம்பு சேர்ந்து கசப்பு முரடாகும். முறத்தில் புடைத்துத் தூசி போக்கி, நிழலில் மூன்று நான்கு நாள். நொறுங்கும் பதத்தில் டப்பாவில் அடையுங்கள். சித்திரை முதல் நாள் பச்சடிக்குப் புதுப்பூவே மணக்கும், ரசத்துக்குக் காய்ந்தது போதும்.

பப்பாளியிலும் செம்பருத்தியிலும் பஞ்சு மாதிரி வெள்ளைப் பூச்சி. கடையில் ஒரு மருந்து கொடுத்தாங்க, அடிச்ச பிறகு கூடிடுச்சு.

மாவுப்பூச்சி. கூடியதற்குக் காரணம் அந்த மருந்தாகவே இருக்கலாம். பப்பாளி மாவுப்பூச்சி 2008இல் கோவையில் முதலில் தென்பட்டு, பப்பாளியையும் மல்பெரியையும் அழித்துக்கொண்டிருந்தது. 2010இல் அசிரோபேகஸ் பப்பாயே என்ற கண்ணுக்குத் தெரியாத சிறு குளவியை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்ட பிறகுதான் அடங்கியது. அந்தக் குளவி இன்றும் நம் தோட்டங்களில் இருக்கிறது. கடுமையான மருந்தில் பூச்சியின் மேலிருக்கும் மாவுப்பூச்சு அதைக் காக்கும், குளவிக்கு அப்படி ஒன்றுமில்லை.

அதிகம் பிடித்த கொழுந்தை வெட்டி எரித்து, மிச்சத்தில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். அதன்பின் சோப்பு 5 கிராம் ஒரு லிட்டரில் கரைத்து, இலையின் அடிப்பக்கம் நனைய, வாரம் ஒருமுறை மூன்று வாரம். தண்டில் எறும்பு ஏறுகிறதா என்றும் பாருங்கள். தேன்நீருக்காக எறும்பு காவல் நிற்கும்வரை குளவி நெருங்க முடியாது.

சித்திரையில் ஒரு மழை பெஞ்சா உடனே விதைக்கலாமா?

விதைக்காதீர்கள், கொத்துங்கள். ‘சித்திரை மாதப் புழுதி பத்தரை மாத்துத் தங்கம்’ என்பது இதைத்தான். ஈரம் இருக்கும்போது ஒரு சாண் ஆழம் கொத்திக் கட்டியாகவே விட்டால் கோரைக்கிழங்கும் கூட்டுப்புழுவும் வெயிலில் காயும். ஆடிப்பட்டத்துக் கத்திரி, வெண்டைக்கு வேர்முடிச்சு நூற்புழுத் தொல்லை உள்ள பாத்தியானால் கட்டியை உடைத்துச் சமப்படுத்தி, நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி, கண்ணாடி போன்ற நெகிழித் தாளை மண்ணோடு ஒட்ட விரித்து, நாலு ஓரத்தையும் மண்ணில் புதைத்து, நாலிலிருந்து ஆறு வாரம் விடுங்கள். கறுப்புத் தாள் அந்த அளவு சூடேற்றாது. எடுத்த பிறகு ஆழமாகக் கொத்தக் கூடாது, அடியில் பிழைத்திருக்கும் விதையும் புழுவும் மேலே வந்துவிடும்.